கண் இமை ஆபரேஷனா? மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் புதுசா வந்தவங்க இத படிச்சிட்டு போங்க

போன வாரம் ஒட்டுக்கடையில பசியாறிக்கிட்டு இருக்கும்போது ஒரு தம்பி வந்து உக்காந்தான், ஊர்லேர்ந்து வந்து நாலு மாசம்தான் ஆவுது, செம்பனை தோட்டத்துல குலை வெட்டுற வேலை. அண்ணே, வலது கண்ணு இமை பாதி மூடியே கெடக்கு, மேல குலைய பாக்கணும்னா தலைய பின்னாடி சாய்ச்சு சாய்ச்சு கழுத்தே போச்சு, ஆபரேஷன் பண்ணணுமாம், பேசாம ஊருக்கு போயிடவான்னு கேக்குறான். நானும் இங்க வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு, நாலு வருசம் முன்னாடி ரெண்டு மேல் இமையும் செஞ்சவன், அதனால அவனுக்கு சொன்னத அப்படியே எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு. இமை திடீர்னு ஒரே நாள்ல விழுந்து, கூடவே ரெண்டு ரெண்டா தெரியுது, தலைவலி தாங்கல, ஒரு கண்ணு பாப்பா (நடுவுல இருக்குற கருப்பு வட்டம்) மட்டும் பெருசா இருக்குன்னா ஆபரேஷன் பேச்செல்லாம் அப்புறம், அது நரம்பு விஷயமாவோ மூளை ரத்தக்குழாய் விஷயமாவோ இருக்கலாம், 999 அடிங்க, இல்லன்னா நேரா எமர்ஜென்சி. காலைல நல்லா இருந்து சாயந்தரம் ஆக ஆக இமை விழுதுன்னா அதயும் டாக்டர்கிட்ட சொல்லிடணும், அது தசை சோர்ந்து போற வியாதியாவும் இருக்கலாம், அதுக்கு மொதல்ல மாத்திரைதான், இமைல கத்தி இல்ல.

மத்தபடி வழி இதுதான். கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) பாஸ்போர்ட், பெர்மிட் ரெண்டும் எடுத்துட்டு போங்க, அங்க பாத்துட்டு சூராட் ருஜுக்கான் (பெரிய டாக்டர்கிட்ட அனுப்புற கடுதாசி) எழுதி ஈப்போ மாதிரி கண் ஸ்பெஷலிஸ்ட் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. சிட்டிசனுக்கு கிளினிக்ல 1 வெள்ளிதான் (ரிங்கிட்), நமக்கு அது கெடையாது, வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட், ஆபரேஷன்னா டெப்பாசிட்டும் கேப்பாங்க, அதனால தேதி வாங்குறதுக்கு முன்னாடியே கவுண்டர்ல எவ்ளோன்னு கேட்டுக்குங்க. அழகுக்காக செய்யுறதுக்கு இன்சூரன்ஸ் தராது, பார்வைய மறைக்குதுன்னு காட்டணும். தோட்டத்துல மட்டை அடிச்சு இமை கிழிஞ்சதுன்னா கதையே வேற, 2019லேர்ந்து வெளிநாட்டு தொழிலாளிக்கும் சொக்சோ (வேலைல அடிபட்டா உதவுற அரசாங்க இன்சூரன்ஸ்) இருக்கு, அன்னைக்கே மண்டோர்கிட்ட (மேஸ்திரி) சொல்லி கிராணிய (ஆபீஸ் கிளார்க்) எழுத வைங்க, முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும்.

மலாய் வராதுன்னு பயப்படாதீங்க, ஆறேழு வார்த்தை போதும். கெலோப்பாக் மாத்தான்னா இமை, ஜாத்தோன்னா விழுந்திருக்கு, காபூர்னா மங்கல், பெங்காக்னா வீக்கம், கெஞ்சிங் மானிஸ்னா சர்க்கரை, டாரா திங்கின்னா பிரஷர். நர்ஸ் பூவாசான்னு சொன்னா பட்டினியா வரணும்னு அர்த்தம். மயக்க மருந்து குடுக்குறதா இருந்தா வழக்கமா 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும், ஆனா உங்களுக்கு அவங்க சொல்ற நேரந்தான் கணக்கு.

டெஸ்ட்டுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. டார்ச் அடிச்சு பாப்பாவுல மின்னுற வெளிச்சத்துலேர்ந்து மேல் இமை ஓரம் வரைக்கும் சின்ன ஸ்கேல் வச்சு அளப்பாங்க, சாதாரணமா 4, 5 மில்லிமீட்டர் இருக்கணும், எனக்கு 1தான். அப்புறம் ஒரு வெள்ளை கிண்ணம் மாதிரி மிஷினுக்குள்ள தாடைய வச்சு, வெளிச்சம் தெரியுறப்ப எல்லாம் பட்டன அமுக்கணும், மொதல்ல சும்மா, ரெண்டாவது தடவ இமைய டேப் போட்டு தூக்கி ஒட்டிட்டு. டேப் போட்டதும் மேல இவ்ளோ இருக்கான்னு இருந்துச்சு, மனுசன் எத்தன வருசம் பாதி வானத்தோட சுத்திருக்கேன் பாருங்க.

இப்ப நான் செஞ்ச முட்டாள்தனம். என்ன மருந்து சாப்புடுறீங்கன்னு கேட்டாங்க, பிரஷர் மாத்திரைன்னு மட்டும் சொன்னேன். மச்சான் குடுத்த மீன் எண்ணெய் மாத்திரை, விட்டமின் ஈ, மூட்டு வலிக்கு பசார்ல வாங்குன சூரணம், இதெல்லாம் மருந்தா என்னன்னு விட்டுட்டேன். ஆபரேஷன் அன்னைக்கு காலைல ஊசி குத்துறதுக்கு முன்னாடி திரும்ப கேக்க, அப்பதான் வாய தொறந்தேன், அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டு மாசம் தள்ளி புது தெமு ஜன்ஜி (அப்பாயின்ட்மென்ட்). இதெல்லாம் ரத்தம் உறையுறத குறைக்கலாம், இமைக்குள்ள ரத்தம் கட்டுனா பார்வைக்கே ஆபத்து, அவங்க மேல தப்பே இல்ல. அதனால ஊர்லேர்ந்து கொண்டு வந்த லேகியம், தைலம் எதா இருந்தாலும் டப்பாவோட பைல போட்டு எடுத்துட்டு போய் மேசைல கொட்டிடுங்க. ஆஸ்பிரின், வார்பரின் மாதிரி இதயத்துக்கு சாப்புடுறவங்க மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, அதுல உசுருக்கே வம்பு, எப்ப நிறுத்தணும், நிறுத்தணுமான்னே டாக்டர்தான் சொல்லணும்.

சர்க்கரைய கட்டுக்குள்ள கொண்டு வாங்க, சுருட்டு பீடிய விடுங்க, புண்ணு ஆறாது. கண்ணு அடிக்கடி காயுதுன்னா சொல்லுங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் கண்ணு முழுசா மூடாது, இன்னும் காயும். அன்னைக்கு மை, பவுடர், கான்டாக்ட் லென்ஸ் எதுவும் வேணாம். லைன் வீட்டு ஆத்தா யாராவது நந்தியாவட்டை சாறு, தாய்ப்பால் விடச் சொல்லுவாங்க, சிரிச்சிட்டு வந்துடுங்க.

மோட்டார்ல தனியா போகவே போகாதீங்க, திரும்பி வரும்போது ரெண்டு கண்ணும் வீங்கி ஒண்ணும் தெரியாது. வீட்டுல ஐஸ் ரெடியா இருக்கட்டும், நான் பட்டாணி பாக்கெட்ட துணில சுத்தி வச்சேன், மொத ரெண்டு நாள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிசம். ரெண்டு தலவாணி போட்டு தல ஒசத்தி படுங்க. குனிஞ்சு தூக்குற வேலை ரெண்டு வாரத்துக்கு வேணாம், எம்சி (டாக்டர் குடுக்குற லீவு சீட்டு) கேட்டு வாங்குங்க, தூசியும் மட்டை முள்ளும் இருக்குற காட்டுக்குள்ள போய் நிக்குறத நெனச்சே பாக்காதீங்க. தையல் பெரும்பாலும் 5லேர்ந்து 7 நாளுக்குள்ள பிரிப்பாங்க. நடுவுல வலி திடீர்னு ஏறி, கண்ணு வெளிய பிதுங்குற மாதிரி இருந்து, பார்வை மங்குனா விடியட்டும்னு இருக்காதீங்க, அப்பவே எமர்ஜென்சி.

தம்பிக்கு வர்ற வியாழக்கிழமை மொத தெமு ஜன்ஜி. நானே கார்ல கூட்டிட்டு போறேன், காலைல ஆறு மணிக்கே கெளம்பணும்னு சொல்லிட்டேன், அதுக்கு மேல போனா பார்க்கிங் கெடைக்காது.