ஜன்னலோர மிளகாய்: விதை முதல் காய் வரை

வீட்டுக்குள் மிளகாய் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே செடியை இழக்கிறார்கள். விதைக்குத் தேவை சூடு. வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. முளை மண்ணுக்கு மேலே வந்த நாளிலிருந்து எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் இல்லாமல் முடியாது, சூடு கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். ஆனால் பலரும் விதைத்த தொட்டியைக் குளிர்ந்த ஜன்னலில் வைத்துவிட்டு, முளைத்த நாற்றை இருண்ட மூலையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

விதையை நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து எடுக்க வேண்டும். பச்சை மிளகாய் விதை முற்றாதது, முளைப்பது அரிது. வற்றலிலிருந்து எடுத்த விதை சில சமயம் முளைக்கும். ஆனால் அது எவ்வளவு பழையது, எந்தச் சூட்டில் காய்ந்தது என்பது தெரியாது என்பதால் தாராளமாகப் போடுங்கள். விதை வாங்குவதானால் 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும் குட்டை ரகமே ஜன்னலுக்குத் தோது.

விதைகளை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும். தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, பெர்லைட் (கலவை இறுகாமல் காக்கும் லேசான வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழியும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். தோட்டத்து மண் வேண்டாம்: சின்னத் தொட்டியில் அது இறுகிப்போகும், பூஞ்சையையும் கொண்டுவரும். இந்தக் கட்டத்தில் உரமும் வேண்டாம். அடியில் ஓட்டையுள்ள 5 செ.மீ. கப் ஒவ்வொன்றிலும் இரண்டு விதை, அரை செ.மீ. ஆழத்தில். ஈரம் காயாமல் மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுங்கள்.

கலவையின் சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அறை இதமாக இருந்தாலும் இரவில் கண்ணாடியை ஒட்டிய இடம் குளிர்ந்துவிடும். 18 டிகிரிக்குக் கீழே ஈரத்தில் கிடக்கும் விதை முளைப்பதற்கு முன்பே அழுகக்கூடும். ஆகவே முளைக்கும்வரை ஜன்னலை மறந்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் (உள்ளே அல்ல) வெளி மேற்பரப்பு போல எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் இடத்தில் வையுங்கள். சாதாரண ரகங்கள் 7 முதல் 14 நாளில் முளைக்கும். ஹபனேரோ, பூத் ஜோலோக்கியா போன்ற அதிகக் காரமானவை மூன்று, நான்கு வாரம்கூட எடுக்கும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்கக் கூடாது. விதையிலைமேல் (முதலில் விரியும் இரட்டை இலை) விதையின் ஓடு ஒட்டிக்கொண்டே வந்தால் ஒரு சொட்டு நீர் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் தலையே கையோடு வந்துவிடும்.

முதல் முளை தெரிந்த அன்றே உறையை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். பூமத்திய ரேகைக்கு நன்கு வடக்கே உள்ளவர்களுக்குத் தெற்கு ஜன்னல், நன்கு தெற்கே உள்ளவர்களுக்கு வடக்கு ஜன்னல் சிறந்தது. கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளினாலே நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெளிச்சம் வெகுவாகச் சரிந்துவிடுகிறது. தண்டு நூலாக நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். உரம் போட்டால் இன்னும்தான் நீளும். தினமும் தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். அதுவும் போதாவிட்டால் வெள்ளை எல்.இ.டி. விளக்கை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

இதே பருவத்தில்தான் நாற்றழுகல் வரும். மண்மட்டத்தில் தண்டு சுருங்கி, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று படுத்துக்கிடக்கும். வந்தபின் மருந்தில்லை. ஓயாத ஈரமும் அசையாத காற்றும்தான் காரணம். தட்டில் நீர் ஊற்றித் தொட்டியை 20 நிமிடம் வைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் காய்ந்து, தொட்டி தூக்கினால் லேசாக இருக்கும்போதுதான் அடுத்த தண்ணீர். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால் வேர் அழுகுகிறது என்று அறியலாம். அப்போது பலர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கதையை முடிக்கிறார்கள். கப்பில் இரண்டும் முளைத்திருந்தால் இளைத்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அறும்.

விதையிலைக்குப் பிறகு நான்கு இலை வந்ததும் 9 செ.மீ. தொட்டிக்கும், அதன் அடியில் வேர் எட்டிப் பார்த்ததும் 20 முதல் 25 செ.மீ. தொட்டிக்கும் மாற்றுங்கள். கப்பிலிருந்து நேராகப் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடந்து கெடும். இப்போது நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒன்று, பெர்லைட் ஒன்று. நார்க்கழிவில் சத்து அநேகமாகக் கிடையாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உறையில் சொன்ன அளவில் பாதி திரவ உரம் கொடுங்கள். மொட்டு வைத்ததும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய உரத்துக்கு மாறுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பூ வராது.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் வீட்டுக்குள் அதை உதிர்க்கக் காற்றில்லை. பூத்திருக்கும் நாட்களில் முற்பகலில் கிளையை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் போதும். அப்படியும் பூ கொட்டினால் வெப்பத்தைப் பாருங்கள்: இரவில் 15 டிகிரிக்குக் கீழேயும், பகலில் 35-ஐ நெருங்கும்போதும் பூ நிற்காது.

வீட்டுக்குள் பூச்சியைத் தின்னும் பூச்சி இல்லாததால் சாறு உறிஞ்சும் அசுவினியும் செஞ்சிலந்தியும் விரைவில் பெருகும். வாரம் ஒரு முறை இலைக்கு அடியில் பாருங்கள். கண்டதும் குழாயடியில் வைத்துக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுத் திரவ சோப்பும் கலந்து, வெயில் இறங்கியபின் தெளியுங்கள். ஒரு தடவை போதாது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை. மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பினால் மருந்து தேட வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள்.

காய் நுனி பழுப்பாகிக் குழிந்தால் நோய் என்று எண்ண வேண்டாம். மண்ணைக் காய விடுவதும் ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றுவதுமாக இருந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே தெரியும் கறுப்புத் தீற்றல் சாதாரணம். முதல் காய்களைப் பச்சையாகவே பறித்தால் பூ தொடர்ந்து வரும். காம்பைக் கத்தரித்தே எடுங்கள், இழுத்தால் கிளை முறியும். அடுத்த விதைப்புக்கு ஒன்றிரண்டு காய்களைப் பழுக்க விட்டு, விதையை நிழலில் இரண்டு வாரம் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் ஒடிய வேண்டும். காகித உறையில் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு முளைப்புத்திறன் இருக்கும். கலப்பின ரகமானால் அதன் விதையில் தாய்ச்செடி போன்ற காயை எதிர்பார்க்க முடியாது.