நான்கு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும்: மாவுச்சத்தைக் கணக்கிடும் முறை

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் எடை குறையாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதல் படி, தராசு. கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். பாத்திரத்தை வைத்த பிறகு பூஜ்யமாக்கும் வசதி மட்டும் அவசியம். கைப்பேசிச் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. 'ஒரு கிண்ணம்' என்று கேட்கும். யார் வீட்டுக் கிண்ணம்?

இரண்டாவது, மூன்று எண்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்). கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. மூன்றும் பங்காளிகள்தான். சர்க்கரைக்கு அட்டவணையே வேண்டாம், ஏறக்குறைய முழுவதும் அதுதான்.

நான் சறுக்கியது மூன்றாவது படியில். அந்த எண்கள் வேகாத அரிசிக்கும் மாவுக்கும் உரியவை. நானோ தட்டிலிருந்த 350 கிராம் சோற்றை 78ஆல் பெருக்கி, ஒரு வேளைக்கு 273 கிராம் என்று கண்டு அரண்டுபோனேன். சோற்றை அடியோடு நிறுத்தி, நான்காம் நாள் தலைவலியோடு குழம்புச் சட்டியின் முன்னால் சரணடைந்தேன்.

சரியான வழி இது. அரிசியை ஊறவைக்கும் முன் நிறுங்கள். வெந்ததும், பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சோற்றை நிறுங்கள். எங்கள் வீட்டுக் குக்கரில் 200 கிராம் அரிசி 560 கிராம் சோறாகிறது. 200 கிராம் அரிசியின் 156 கிராம் மாவுச்சத்து அந்த 560க்குள் பரவிக் கிடக்கிறது; ஆக, 100 கிராம் சோற்றில் 28. உங்கள் வீட்டில் தண்ணீர் அளவு வேறாக இருக்கும். ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது சப்பாத்திக்கு வருவோம். ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்றால் நான்குக்கு 77 கிராம் மாவுச்சத்து. நான் தியாகம் செய்த 250 கிராம் இரவுச் சோற்றில் 70! இதற்கா எட்டு மாதம் மாவு பிசைந்தேன்?

பிறகு குறைப்பது எளிது. மதியச் சோற்றை 150 கிராமாக்கி, காலியான இடத்தில் கீரைக்கூட்டு, முட்டை, மீன் வைத்தேன். உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சோற்றின் ஆள். முதல் வாரம் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர். உடலில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதைப் பார்த்து லட்டு வாங்கிவிட வேண்டாம், நான் வாங்கினேன்.

பின்சேர்க்கை: பழைய சோற்றை எப்படி நிறுப்பது என்று பலர் கேட்டுவிட்டார்கள். தண்ணீர் ஊற்றும் முன்பே நிறுத்துவிடுங்கள்.

இன்னொன்று: நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றில் கைவைக்க வேண்டாம். மருந்தின் அளவு மாறாமல் சோறு மட்டும் குறைந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.