சொந்த ரெசிபி பியர்: கிராவிட்டி அளப்பதில் எங்கே சறுக்குகிறது?

கடையில் வாங்கிய கிட்டை வைத்துப் பியர் காய்ச்சுபவருக்கு ஒரு வசதி உண்டு. தொடக்க கிராவிட்டி (ஈஸ்ட் போடும் முன் திரவம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண்) இவ்வளவு, முடிவு கிராவிட்டி (நொதித்து முடிந்தபின்) இவ்வளவு என்று கிட்டோடு வரும் தாளிலேயே போட்டிருப்பார்கள். அதை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் வேறு எதையாவது காட்டினால் உடனே சந்தேகம் வரும். சொந்த ரெசிபிக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. தப்பாக அளந்த எண்ணை நம்பி, நன்றாக இருந்த ரெசிபியை அடுத்த முறை மாற்றிக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. (வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் இடம் தரும் பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை.)

அதனால் எவ்வளவு வரவேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு எழுதி வைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. தண்ணீரின் கிராவிட்டி 1.000. அதற்கு மேல் ஏறுவதைப் புள்ளி என்பார்கள், 1.048 என்றால் 48 புள்ளி. ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை கரைந்து மொத்தம் 10 லிட்டர் ஆனால் சுமார் 38 புள்ளி. அதே அளவு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு) தூள் சுமார் 37 தரும், கெட்டியான சிரப் சுமார் 30. பேல் மால்ட் (முளைகட்டி லேசாக உலர்த்திய பார்லி) தானியமும் ஏறக்குறைய 30தான், ஆனால் மேஷில் (தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கும் கட்டம்) அத்தனையும் இறங்காது. வீட்டுப் பாத்திரத்தில் 70, 75 சதவீதம் இறங்கினாலே நல்லது. 4.5 கிலோ பேல் மால்ட், 20 லிட்டர், 72 சதவீதம் என்று வைத்தால் 48, 49 புள்ளி வரவேண்டும்.

கொதிக்கவிடுவதற்கு முன்னாலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், சர்க்கரை அப்படியே இருக்கும். 25 லிட்டரில் 39 புள்ளி இருந்தால் பெருக்கி 975. அது 20 லிட்டராகச் சுண்டினால் 49க்குக் கொஞ்சம் குறைவு. கொதித்த பிறகு கிடைக்கும் எண் இதோடு ஒத்துவரவில்லையா? மால்ட்டைத் திட்டாதீர்கள், லிட்டர் கணக்கைப் பாருங்கள். கொதிக்கிற வொர்ட் (இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) ஆறினால் கன அளவு 4 சதவீதம் குறையும். சுடச்சுட 20 லிட்டர் என்று குறித்தது ஆறியபின் 19 லிட்டர் சொச்சம்தான்.

எக்ஸ்ட்ராக்ட்டில் காய்ச்சுபவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. கெட்டியாகக் காய்ச்சி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றி 20 லிட்டர் ஆக்குவார்கள். நன்னாரி சர்பத்தைக் கலக்காமல் வைத்தால் சிரப் அடியில் நிற்கிற மாதிரி, வொர்ட்டும் அடியில் தங்கிவிடும். மேலிருந்து எடுத்தால் 1.035, குழாயைத் திறந்து பிடித்தால் 1.060 என்றுகூட வரலாம். ஆலையிலேயே சர்க்கரையாகி வந்த பொருள் அது; எடையும் லிட்டரும் சரியென்றால் எண் பெரிதாக மாற வழியில்லை. அந்த இடத்தில் நான் ஹைட்ரோமீட்டரை விட்டுவிட்டுக் கணக்கைத்தான் நம்புவேன். எண் குறைகிறதே என்று பயந்து இன்னும் ஒரு கிலோ சேர்ப்பது வீண் வேலை.

அப்புறம் சூடு. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸுக்கானவை, பழைய பிரிட்டிஷ் கருவிகள் சில 15.5 டிகிரிக்கு. 40 டிகிரியில் அளந்தால் சுமார் 6 புள்ளி குறைவாகக் காட்டும். 60 டிகிரியில் 15 புள்ளி போய்விடும். திருத்த அட்டவணை இருக்கிறதே என்பார்கள். அவ்வளவு சூட்டில் அதையும் ரொம்ப நம்ப முடியாது. சாம்பிளை ஆறவிடுங்கள். புதுக் கருவியை 20 டிகிரி டிஸ்டில்டு வாட்டரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நல்லது. உள்ளே ஒட்டிய காகிதம் நழுவி 1.002 காட்டினால் எப்போதும் 2 கழித்துக்கொள்ளலாம். புளிக்கும் பியரில் குமிழிகள் ஒட்டிக் கருவியைத் தூக்கிவிடும், ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் படியுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது ஈஸ்ட் போடும் முன்னால் மட்டும் நேர்மையானது. ஆல்கஹால் ஒளியை வேறு விதமாக வளைக்கும். 12 பிரிக்ஸில் (நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) தொடங்கிய பியர் 6 பிரிக்ஸில் நின்றால் அட்டவணையில் 1.024 என்று வரும். உண்மையில் அது 1.010 பக்கம் இறங்கியிருக்கும். நொதித்தல் நின்றுவிட்டது என்று பதறி இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடுவது இப்படித்தான்.

சொந்த ரெசிபியில் கை சும்மா இருக்காது. மூன்றாம் நாள் அரைக் கிலோ கருப்பட்டி கரைத்து ஊற்றத் தோன்றும். 20 லிட்டருக்கு அது 8, 9 புள்ளி. முதல் நாள் அளவில் அது இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். 1.048, 1.010 என்றால் 5 சதவீதம். கருப்பட்டியைத் தொடக்க எண்ணோடு கூட்ட மறந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைத்துச் சொல்லிக்கொண்டிருப்போம். பிரிட்டனில் 1880 முதல் 1993 வரை பியர் வரியே தொடக்க கிராவிட்டியை வைத்துத்தான். அங்கே இந்த மறதி செல்லுபடியாகியிருக்காது. லாக்டோஸ் (பால் சர்க்கரை) வேறு கதை. வழக்கமான ஏல் ஈஸ்ட் அதைத் தொடாது. அரைக் கிலோ போட்டால் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே 10 புள்ளி ஏறும். லாக்டோஸ் போட்ட ஸ்டவுட் (கறுப்பு பியர்) 1.020இல் நின்றால் அது முடிந்துதான் இருக்கலாம்.

அந்த 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்) குமிழி நின்றதும் சாட்சியில்லை, மூடி இறுக்கமாக இல்லாவிட்டாலும் நிற்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வரவேண்டும். பாட்டிலில் வாயு ஏற லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போடுகிறோம் என்றால் அது இரண்டு புள்ளிக்குச் சற்று மேல். இன்னும் 6 புள்ளி இறங்க வேண்டிய பியரை அடைத்தால் உள்ளே இருக்கும் சர்க்கரை மூன்றரை மடங்கு. கண்ணாடி வெடித்துக் கையைக் கிழிக்கும்.

அளக்க எடுத்த சாம்பிளைத் திரும்ப வாளியில் ஊற்ற வேண்டாம், கிருமி சேரும். குடித்துப் பார்த்து, ருசியை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள்.