பழைய காருக்கு அலைன்மென்ட்: பலரும் தவறுவது எங்கே

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு குழியில் விழுந்து, ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் காரின் ஸ்டீயரிங் லேசாக இழுத்தால் போதும், நம்மவர்கள் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்கு நேரே வண்டியை விட்டுவிடுவார்கள். கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது. 2009-இல் உற்பத்தி நின்ற கார். அடியில் இருக்கும் ரப்பரும் மூட்டுகளும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம். சக்கரத்தை இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது ‘டொக்’கென்றால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் சக்கரம் சுழல உதவும் பேரிங்காக இருக்கலாம், சக்கரப் பகுதியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் மேல் சந்தேகப்படலாம். இதைச் சரிசெய்யாமல் மில்லிமீட்டர் கணக்கில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வைப்பது வெட்டிச் செலவு.

வண்டியை இறக்கியவுடன் அளப்பதும் தவறு. டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் சஸ்பென்ஷன் முழுசாக உட்காராது. கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டி, பானட்டை நன்றாக அமுக்கிவிட்ட பிறகு அளங்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் புது ரப்பர் புஷ் போட்டால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

டயரின் உள் ஓரம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) திட்டுவார்கள். டயர்மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும், திருப்பித் தடவினால் ரம்பப் பல் போலவும் இருந்தால் குற்றவாளி டோ. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியவர்களுக்கு கேம்பர், டோ இரண்டுமே மாறியிருக்கும், அது வேறு கதை.

அப்புறம், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தண்ணீர் வடிய சாலையும் அந்தப் பக்கமே சரிந்திருக்கும். இடப்பக்கம் லேசாக ஒதுங்குவது கோளாறு ஆகாது. சமதளத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு டை ராடையும் திருத்த முடிகிற வண்டியில் ஒன்றை மட்டும் திருகினால் ஸ்டீயரிங் கோணலாகும். அதை மறைக்க ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தருகிற கடைகளும் உண்டு. அப்படிச் செய்தால் ரேக் (ஸ்டீயரிங் திருப்பும்போது இடமும் வலமும் நகரும் பல்சட்டம்) நடுவில் இருக்காது; வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் அவ்வளவு திரும்பாது. அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.