அமெரிக்க அரசியல் பாடத்தைத் திருப்பிப் பார்ப்பது எப்படி

தேர்வு நெருங்கிவிட்டதா? புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். நேராக அரசியலமைப்புச் சட்டத்தையே எடுங்கள், சின்னதுதான். முதல் பிரிவு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), இரண்டாவது அதிபர், மூன்றாவது நீதிமன்றம். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, யார் யாரை எப்படித் தடுக்கலாம் என்று அம்புக்குறி போடுங்கள்: மசோதாவை அதிபர் வீட்டோ செய்யலாம் (நிராகரிக்கலாம்), இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் காங்கிரஸ் அதையும் மீறிச் சட்டமாக்கலாம், அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தூக்கி எறியலாம். இந்தக் கடைசி அதிகாரம் அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை, 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் நீதிமன்றமே நிலைநாட்டியது. கேள்வியில் அடிக்கடி வருவது இதுதான்.

அப்புறம் அதிபர் தேர்தல். மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாக வரும் தேர்வாளர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பலரும் தடுமாறுகிற இடம், அதனால் கணக்காகவே போட்டுப் பாருங்கள்: பிரதிநிதிகள் சபை 435, செனட் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, மொத்தம் 538 தேர்வாளர்கள். ஜெயிக்க 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர் வாக்கும் போய்விடும். 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும் டிரம்ப் அதிபரானது இப்படித்தான்.

உரிமைகள் பகுதிக்கு, 1791இல் வந்த முதல் பத்துத் திருத்தங்களோடு 14ஆவதையும் சேர்த்துப் படியுங்கள். கட்சிகளைப் பற்றி அரசியலமைப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.