கியூபெக் சிட்டிக்குக் குடும்பத்தோடு போகுமுன்

டொராண்டோ, மான்ட்ரியல் பக்கம் இருக்கும் நம்மவர்கள் நீண்ட வார இறுதி கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஊர்களில் கியூபெக் சிட்டியும் ஒன்று. சாமுவேல் து ஷாம்ப்ளேன் 1608இல் நிறுவிய பிரெஞ்சு ஊர். பழைய நகரத்தைச் சுற்றிக் கோட்டை மதில் இன்றும் நிற்கிறது, 1985 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. அழகுக்குக் குறைவில்லை. சொதப்புவது பெரும்பாலும் நம் திட்டம்தான்.

முதல் தவறு, ஊரைச் சமதளமாக நினைத்துக்கொள்வது. பழைய நகரம் இரண்டு அடுக்கு. ஷாத்தோ ஃப்ரோந்தனாக் ஹோட்டலும் அதன் முன்னால் நீளும் டஃப்ரின் மரத்தளமும் குன்றின் மேலே. ப்ளாஸ் ரோயால் சதுக்கமும் ப்தி-ஷாம்ப்ளேன் கடைத்தெருவும் ஆற்றோரமாகக் கீழே. போன் வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் கூப்பிடு தூரம். தள்ளுவண்டிக் குழந்தையோடும் முழங்கால் வலிக்கும் பாட்டியோடும் அந்த ஏற்றத்தில் நிற்கும்போதுதான் விஷயம் புரியும். கீழிருந்து ஏறும் ஒரு படிக்கட்டுக்கே 'கழுத்தை முறிக்கும் படி' என்று பெயர். அது முடிந்த பிறகும் தெரு மேல்நோக்கித்தான் போகும்.

இதற்கு வழி 1879 முதல் இருக்கும் ஃபுனிகுலர். கம்பிவடம் இழுக்கும் சின்னப் பெட்டி, சரிவிலேயே ஊர்ந்து ஏறிச் சில நிமிடங்களில் மேலே இறக்கிவிடும். கட்டணம் உண்டு, கணக்குப் பார்க்க வேண்டாம். காலையில் மேல் நகரம், மதியம் நடந்தே கீழே இறங்குவது, களைத்த பிறகு ஃபுனிகுலரில் மேலே. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மாலைக்குள் வீட்டில் யாராவது யாரோடாவது பேசாமல் இருப்பார்கள்.

கார் வேறு தலைவலி. மதிலுக்குள் தெருக்கள் குறுகல், பல ஒருவழி. நிறுத்தும் இடத்துப் பலகைகள் பிரெஞ்சில்தான் இருக்கும். குளிர்காலத்தில் பனி அள்ளும் நாள்களில் தெருவில் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். கவனிக்காமல் படுத்துத் தூங்கினால் விடிந்ததும் கார் இருக்காது. ஹோட்டலில் நிறுத்த இடமும் அதன் கட்டணமும் கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். அப்புறம் கிளம்பும் நாள்வரை காரைத் தொடாதீர்கள்.

மோன்மோரன்சி அருவிக்கு மட்டும் எடுக்கலாம். 83 மீட்டர் உயரம், நயாகராவைவிட ஏறக்குறைய 30 மீட்டர் அதிகம். அங்கே கீழிருந்து படியேறத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தப்பு. படிகள் 487. கேபிள் காரில் மேலே போய்த் தொங்குபாலத்தில் நடந்துவிட்டு, முடிந்தவர்கள் படிவழியாக இறங்கட்டும்.

கார்னிவல் என்ற குளிர்கால விழாவைப் பார்க்க ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ போனால் மைனஸ் 20 சாதாரணம். ஆற்றுக்காற்று அதற்கு மேல். பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். பனியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் நனைந்துவிடும், அதோடு அன்றைய நாள் முடிந்தது. ஸ்னோ பேன்ட் வேண்டும். மணிக்கொரு தடவை உள்ளே போய்ச் சூடேற ஒரு கடையோ அருங்காட்சியகமோ திட்டத்தில் இருக்கட்டும்.

பிரெஞ்சு தெரியாதே என்ற பயம் தேவையில்லை. கடைக்குள் நுழையும்போது 'போன்ஜூர்' சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பேசலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சைவக்காரர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். பூட்டின் என்பது உருளைக்கிழங்கும் சீஸும்தானே என்று வாங்கிவிடுவோம். மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் கோழி அல்லது மாட்டுச் சாறில் செய்தது. பட்டாணி சூப்பிலும் பன்றி இறைச்சி சேர்ப்பது அங்கே வழக்கம். கேட்டுவிட்டே ஆர்டர் செய்யுங்கள். எட்டுப் பேர் என்றால் மேசையை முன்பே பதிவு செய்துவிடுங்கள். மெனுவில் உள்ள விலைமேல் வரி ஏறக்குறைய 15 சதவீதம், டிப்ஸ் இன்னொரு 15. நூறு டாலர் சாப்பாட்டுக்கு நூற்று முப்பது ஒதுக்கினால் சரியாக இருக்கும்.