கடைசி நொடியில் ஏலம் கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

காட்பாடியில் வீடு, குடியாத்தத்தில் மனை, ராணிப்பேட்டையில் ஷெட் என்று கடன் நிலுவைக்காக வங்கிகள் விற்கும் சொத்துகள் இப்போது இணையத்தில்தான் ஏலத்துக்கு வருகின்றன. அதில் இறங்கும் பலருக்கு ஒரு நம்பிக்கை: கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்து, முடியும் நொடியில் ஒரு தொகையைப் போட்டுத் தட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் இது பலிக்கும். அங்கே ஏலம் குறித்த நொடியில் முடியும். எதிராளி சுதாரிக்க நேரம் கிடையாது. வங்கி ஏலம் வேறு. அறிவிப்பைப் படித்தால் 'தானியங்கி நீட்டிப்பு' என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் கூடும். மறுபடி கேட்டால் மறுபடி கூடும். ஏலக்காரர் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று இழுப்பாரே, அந்த வேலையைத்தான் கணினி பார்க்கிறது. ஆகவே கடைசி நொடிக்காகக் காத்திருப்பதில் லாபம் இல்லை. அந்த நேரம் பார்த்து நெட் படுத்துவிட்டால் நஷ்டம் மட்டும் உண்டு. அவசரத்தில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்தாலும் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்க முடியாது.

சொத்தை நேரில் பார்க்காமல் கேட்பது அடுத்த தவறு. 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்கிறார்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். சுவாதீனம் காகிதத்தில் மட்டுமா, சாவியும் வங்கியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே ஆள் குடியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் ஒதுங்கிவிடச் சொல்வேன்.

பலரும் உண்மையில் மாட்டிக்கொள்வது பணத்தில். ரிசர்வ் விலை, அதாவது வங்கி வைக்கும் குறைந்தபட்ச விலை, 42 லட்சம் என்றால், ஏலத்தில் இறங்கும் முன் கட்டும் முன்வைப்புத் தொகை வழக்கமான 10 சதவீதக் கணக்கில் 4.2 லட்சம். போட்டி சூட்டில் 48 லட்சத்துக்கு எடுத்துவிட்டீர்கள். கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் விதிப்படி அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், மொத்தத்தில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். முன்வைப்பு போக 7.8 லட்சம். மீதி 36 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து பதினைந்து நாள்தான் பொதுவான கெடு. தவறினால் கட்டிய பணம் போய், சொத்து மறு ஏலத்துக்குப் போகும். ஜெயித்த பிறகு வீட்டுக் கடனுக்கு மனு போட்டால் அந்தக் கெடுவுக்குள் கைக்கு வருவது சந்தேகம். கடன் தரும் வங்கியிடம் ஏல அறிவிப்பைக் காட்டி, எவ்வளவு வரை தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.